தொடர்பு எல்லைக்கு வெளியே

என் வேலை, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பது.
அப்படியே கேட்க முடியாது.
"சாப்பாடு இறங்குதாம்மா?" என்று தொடங்கி
யார் எடுத்துப் பேசுகிறார்கள் என்பதிலேயே
பாதி பதில் கிடைத்துவிடும்.

இருநூற்றுப் பதினான்கு பெண்கள்.
ஒருமுறை அடங்கி, திரும்ப வந்த
கருப்பைவாய்ப் புற்று.
பாதிப் பேருக்குப் பழைய மருந்து,
மீதிப் பேருக்கு அதோடு புதியதும்.
யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது.
டாக்டர் கையால் எடுத்துக் கொடுத்தால்
தெம்பாக நடந்து வருபவளுக்கே புதியது போகும்.
பிறகு ஜெயித்தது மருந்தா தெம்பா என்று
எவராலும் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்தால் ஆளுக்கு ஒன்றாக
இரண்டு கோடுகள்.
இடது மேல் மூலையில் எல்லோரும் நிற்கிறார்கள்.
ஒருத்தி போனால் கோடு ஒரு படி இறங்கும்.
கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு மாடிப்படி மாதிரி,
சில படி உயரம், சில படி உடைசல்,
நடுவே நீளமாக ஒரு தளம்.
அந்த மாதங்களில் யாரும் சாகவில்லை.
நான் மூச்சு வாங்குவது அங்கேதான்.

கோட்டின் மேல் சின்னச் சின்னக் கீறல்கள்.
இறந்தவர்கள் இல்லை அவர்கள்.
கடைசியாகப் பார்த்த நாள் வரைக்கும் உண்டு,
அப்புறம் தெரியாது.
போனில் ஒரு பெண்குரல் சொல்லுமே,
அதுதான்.

எண் நூற்று முப்பத்தொன்று, இருதயமேரி, காசிமேடு.
பதினோரு மாதமாகக் கீறல்.
கொடுத்திருந்த முகவரியில் பூட்டு.
எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
நுரையோடு கையைக் காட்டினார், துறைமுகம் பக்கம்.

ஐஸ் உடைக்கும் இடத்தில், கால் வரை நனைந்து,
சங்கராக் கூடை மேல் உட்கார்ந்திருந்தாள்.
"போனு தண்ணில பூட்ச்சு.
ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு நாள் யாவாரம் போவுது.
வலியில்ல. எதுக்கு வரணும்?"

அப்புறம் அவளே சொன்னாள்:
"இருபது மாசம்னு டாக்டரு
யார்கிட்டயோ சொல்லிக்கினு இருந்தாரு. காதுல வுழுந்துச்சு.
எண்ணிக்கினே வந்தேன்.
முடிஞ்ச அன்னிக்கு நைட்டு
கடனுக்குப் பட்டுப்பொடவை வாங்கிக் கட்டிக்கினு படுத்தேன்.
காலைல பாத்தா முழிப்பு வந்துடுச்சு.
தவணை இன்னும் கட்டிக்கினு கீறேன்."

அது நாள் குறிப்பது இல்லக்கா, என்றேன்.
நூறு கூடை ஏலத்துக்கு வருதுன்னு வையுங்க.
அம்பதாவது கூடை போன நேரம்தான் அந்த இருபது.
மிச்சம் அம்பது
அப்பவும் ஐஸ்லதான் கிடக்கும்.

"அப்போ நான் வெல போவாத மீனா?"
சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.
பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

"புதுசு எனுக்குக் கெடைக்கலயா?"
இல்லக்கா. குலுக்கல்.
"அது நல்லதா?"
அந்த அம்பதாவது ஆளுக்கு நாலு மாசம் கூட வருது.
நாலு மாசத்தை விரலில் மடக்கினாள்.
"ரெண்டு தடைக்காலம்.
படுத்துக்கினா, நடந்துக்கினா?"

எங்களிடம் முப்பது கேள்வி கொண்ட படிவம் ஒன்று உண்டு.
சோர்வு, தூக்கம், பசி, ஒன்று முதல் நான்கு வரை.
அத்தனையும் சேர்ந்து கேட்பது
அவள் கேட்ட ரெண்டு சொல்லைத்தான்.
சேர்த்து இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்றேன்.
"சீக்கிரம் எண்ணு" என்றாள்.

கீறல் இனி நாற்பதாம் மாதத்துக்கு நகரும்.
பழைய மருந்தின் வால் ஒரு மயிரிழை உயரும்,
புதியதன் வெற்றி அந்த அளவு குறையும்.
டாக்டர் உச்சுக்கொட்டுவார், பிறகு
"நல்லவேளை தேடிப் போனே" என்பார்.
இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஈரக்கையால் அவள் போட்ட கையெழுத்து ஊறிவிட்டது.
"உயிருடன்" கட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்ததை
அலுவலகம் வந்துதான் பார்த்தேன்.
ஸ்கேனர் அதற்குள்
அதையும் ஒரு கீறல் என்று எடுத்துக்கொண்டது.